பனித்தளத்தில் இட்ட கோலமும் உலகப் பந்தயமும்

விளையாட்டுக்களில் வெற்றி தோல்வியைத் துணிதற்குரிய வழிகள் இரண்டு. ஓடுபவன் எத்துணை விரைவில் ஓடினான் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும்; தாண்டுபவன் எத்துணைத் தூரம் தாண்டினான் என்பதை அளவுநாடா சொல்லிவிடும்; பந்தாட்டத்தில் வலைக்குட் புகுந்த பந்தின் தொகையைச் சிறுவனும் எண்ணி விடுவான். இவற்றில் நடுவர்க்குள்ள வேலை சிறிதே. மற்றொரு வகையோ, கண்ணாற் கண்டு மனத்தால் மதிப்பிடற்குரியது. கண்டவர் ஐவராயின் மதிப்பும் ஐவகைப்படும். இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது, பனிக்கட்டித் தளத்தின்மீது சறுக்கி ஆடும் ஆட்டம். ஆங்கிலத்தில் அதற்குப் 'பிகர் ஸ்கேட்டிங்' என்று பெயர். தமிழில் அதனைக் 'கோலச் சறுக்கு' என்று கூறுதல் பொருந்தும். இப்பெயர் யாம் அழகு கருதி இட்டதன்று. காலாற் பனிக்கட்டியின்மேற் கோலம் வரைதலே இக்கலையின் தொடக்கம். நூறாண்டுக்குச் சிறிது குறைந்த காலம் வரையில், உலகில் முதல்வர் யார் என்பதை முடிவு செய்வதில் அக்கோலத்திற்குப் பெரும்பங்கு இருந்தது. இன்று அவ்வுலகப் பந்தயத்தில் ஒரு கோலமும் வரையப்படுவதில்லை. பெயர் மட்டும் நிற்கின்றது. பொருள் எவ்வாறு நீங்கிற்று, நீங்கியது தக்கதோ என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பனிக்கட்டி உறையும் ஏரி குளங்களை நேரிற் கண்டறியாத நமக்கு, முதற்கண் கருவியின் இயல்பைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். சறுக்குவோர் அணியுங் காலணியின் அடியில் எஃகினாலான அலகு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் அடிப்புறம் தட்டையன்று. நீளவாட்டில் ஒரு சிறு பள்ளம் ஓட, அதன் இரு மருங்கும் இரண்டு விளிம்புகள் நிற்கும். காலின் உட்புறத்துள்ளது உள்விளிம்பு; வெளிப்புறத்துள்ளது வெளிவிளிம்பு. உடலை ஒரு பக்கமாகச் சாய்த்தால் அப்பக்கத்து விளிம்பு ஒன்றே பனிக்கட்டியைத் தீண்டும். தீண்டவே, செல்லும் வழி நேர்கோடாகாது வளைகோடாகும். முன்னோக்கியும் பின்னோக்கியும் செல்லலாமாதலின், ஒரு காலுக்கு நான்காக, இரு கால்களுக்கும் எட்டு வகை வளைகோடுகள் உண்டு. இவ்வெட்டே இக்கலையின் நெடுங்கணக்கு. தாவுதலும் சுழலுதலும் எத்துணை வியத்தகு முறையில் அமைந்தாலும், அவை இவ்வெட்டில் ஒன்றிற் பிறந்து ஒன்றில் வந்து முடிவனவே.

இந்நெடுங்கணக்கைப் பிழையறப் பயின்றார் என்பதற்குச் சான்றாகவே 'கட்டாயக் கோலங்கள்' ஏற்பட்டன. உலகச் சங்கத்தார் வகுத்த அட்டவணையில் அவை நாற்பத்தொன்று. அவற்றுள் மிக எளியதாகத் தோன்றுவது 8 என்னும் இலக்கம் போன்றது. ஆடுபவர் ஓரிடத்தில் நின்று, ஒரே உந்தலில் ஒற்றைக் காலால் முழுவட்டம் ஒன்று வரைந்து, புறப்பட்ட புள்ளிக்கே மீண்டு, மறு காலால் எதிர்ப்புறத்தில் மற்றொரு வட்டம் வரைதல் வேண்டும். வட்டத்தின் குறுக்களவு அவர்தம் உயரத்தில் ஏறத்தாழ மும்மடங்கு. ஒரு முறை வரைந்தாற் போதாது. மும்முறை வரைதல் வேண்டும். இரண்டாங்கோடும் மூன்றாங்கோடும் முதற்கோட்டின்மேற் பொருந்தி விழுதல் வேண்டும். இது முதற்படி. இதற்குமேல் வட்டத்தின் நடுவே 3 என்னும் இலக்கம்போல் முனைபடத் திரும்புதல், அதற்கு மாறான பக்கத்தில் முனைபடத் திரும்புதல், சிறு கண்ணிகளை வளைத்தல், ஒரே காலில் விளிம்பு மாற்றி இரு வட்டங்களைத் தொடுத்தல் என்று வரிசை வரிசையாக அருமை மிகும். புள்ளிக் கோலம் இடுவார்க்குப் புள்ளியேனுந் துணையாம். விரலாற் பொடியை அழித்துத் திருத்தவும் ஆம். பனித்தளத்தில் நிற்பார்க்கு அவ்விரண்டும் இல்லை. அடையாளமற்ற வெண்ணிலம் ஒன்றே முன்னிற்கும், கீறியது கீறியதே.

கோலம் முடிந்தபின் நடுவர்கள் தளத்தின்மேல் இறங்கி வருவர். குனிந்து பார்ப்பர், ஒரோவழி முழந்தாளிட்டும் பார்ப்பர். வட்டம் வட்டமாகவே உள்ளதா, ஒரு பக்கம் பிதுங்கியதா? இரு வட்டங்களும் ஒத்த அளவினவா? திரும்பிய முனைகள் நேர்ப்பட அமைந்தனவா? இரண்டு விளிம்புகளும் ஒருங்கே படிந்து இரட்டைக் கோடு விழுந்த இடம் உண்டா? இவற்றையெல்லாம் ஆராய்ந்து, ஆறனை முழுமதிப்பாக வைத்து மதிப்பெண் இடுவர். ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆட்டம் கணப்பொழுதில் மறைவது; கோலமோ வரைந்தவர் அகன்ற பின்னும் நிற்பது. ஐயமுற்ற நடுவர் மீண்டும் ஒருமுறை பார்க்கலாம்; ஒருவர் கண்டதை மற்றொருவர்க்குச் சுட்டிக் காட்டலாம். கண்ணால் மதிப்பிடும் இக்கலையில், அளவுநாடாவிற்கு மிக அணித்தாக வந்த பகுதி இக்கோலமே எனலாம்.

ஆயின், கோலம் மட்டுமே இக்கலையாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தினர் உடலை விறைப்பாக நிறுத்திக் கைகளை அடக்கி, பெரிய வளைகோடுகளை வரைதலையே சிறப்பென மதித்தனர். 1860-ஆம் ஆண்டுகளில் ஜாக்ஸன் ஹெயின்ஸ் என்னும் அமெரிக்கர் ஐரோப்பாவிற்குச் சென்றார். அவர் நடனம் பயின்றவர். இசைக்கேற்பக் கையும் உடலும் அசையப் பனித்தளத்தில் ஆடிக் காட்டினார். இங்கிலாந்தினர்க்கு அது கூத்தாகத் தோன்றியது. இசையில் தோய்ந்த வியன்னா நகரத்தாரோ அவரைக் கொண்டாடினர். அவர் 1875-இல் பின்லாந்தில் இறந்தார். ஆனால் அவர் காட்டிய முறை வியன்னாவில் வேரூன்றிவிட்டது. பின்னர் 1892-இல் ஹாலந்து தேசத்து ஸ்கெவனிங்கன் என்னும் ஊரில் உலகச் சறுக்குச் சங்கம் நிறுவப்பட்டபொழுது, அறிவுடையோர் செய்யத்தக்க ஓர் உடன்பாட்டையே அதனைச் சார்ந்தோர் செய்தனர். கட்டாயக் கோலம் ஒரு பகுதி, தத்தம் விருப்பப்படி ஆடும் விருப்பாட்டம் மற்றொரு பகுதி என இரண்டையும் ஒரே பந்தயத்துள் அடக்கினர். பிற்காலத்தில் எழுந்த பிணக்குக்கள் பலவற்றிற்கும் வித்து இவ்வுடன்பாடே.

முதல் உலகப் பந்தயம் 1896-ஆம் ஆண்டு ருஷ்ய நாட்டு ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நடைபெற்றது. போட்டியிட்டோர் நால்வரே, அனைவரும் ஆடவர். ஜெர்மானியராகிய கில்பர்ட் பூக்ஸ் என்பார் முதன்மை பெற்றார். அடுத்து வந்த ஆண்டுகளில் யாவரினும் ஓங்கி நின்றவர் ஸ்வீடன் தேசத்து உல்ரிக் ஸால்கோ. 1901 முதல் 1911 வரையில், 1906 ஒன்று நீங்கலாக, ஆண்டுதோறும் அவரே வாகை சூடினார். பின்னோக்கிச் செல்லும் உள்விளிம்பினின்றும் எழுந்து சுழன்று மறு காலில் இறங்கும் தாவல் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அந்த ஸால்கோவோடு 1902-இல் லண்டன் நகரில் நிகழ்ந்ததே இப்பந்தய வரலாற்றில் யாம் மிக விரும்பிப் படித்த பகுதி. அவ்வாண்டு மாட்ஜ் ஸையர்ஸ் என்னும் ஆங்கில மாது போட்டிக்குத் தம் பெயரைக் கொடுத்தார். சங்கத்தார் திகைத்தனர். விதிகளைப் புரட்டிப் பார்த்தனர். பெண்டிர் புகலாகாது என்று எவ்விதியும் இல்லை. அப்படி ஒருத்தி வருவாள் என்று விதி எழுதினோர் கனவிலும் கருதவில்லையாதலின் விலக்கவும் இல்லை! வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டனர். அவ்வம்மையார் ஸால்கோவிற்கு அடுத்ததாக இரண்டாமிடம் பெற்றார். ஆடவர் இருவர் அவர்க்குப் பின்னின்றனர்.

இதன் பயனாகப் பெண்டிர்க்கு வாயில் திறந்தது என்று நினைப்பீராயின், அது நிகழவில்லை. அடுத்த ஆண்டிற் கூடிய சங்கம் வாயிலை அடைத்தது. காட்டப்பட்ட காரணங்கள் படித்து இன்புறத்தக்கன. நீண்ட பாவாடை பாதத்தை மறைத்தலால் நடுவர்க்குக் கால் தெரியாது என்பது ஒன்று. நடுவர் தாம் காதலிக்கும் பெண்ணுக்கே மதிப்பெண் இட நேரலாம் என்பது மற்றொன்று. ஆடவரோடு பெண்டிரை ஒப்பிடல் அரிது என்பது பின்னும் ஒன்று. முதற்காரணத்திற்கு ஸையர்ஸ் அம்மையார் முன்னரே விடையளித்திருந்தார். அவர் அணிந்தது கணுக்காலுக்கு மேலேயே நின்ற பாவாடை. மூன்றாங் காரணத்திற்கு அவர் பெற்ற இரண்டாமிடமே விடை. இரண்டாவதற்கு விடை கூற வேண்டியவர் நடுவரேயன்றி ஆடுவோர் அல்லர். 1903-இல் இங்கிலாந்து நாட்டுப் பந்தயத்தில் ஆடவரோடு போட்டியிட்டு முதன்மை பெற்ற அவர், 1904-இலும் அதனை வென்றார். அம்முறை இரண்டாமிடம் பெற்றவர் அவர்தம் கணவராகிய எட்கர் ஸையர்ஸ் என்பார். 1906-இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து டாவோஸ் நகரிற் பெண்டிர்க்கெனத் தனிப்பந்தயம் ஏற்பட்டது. அதிலும் அடுத்த ஆண்டிலும் வென்றவர் யாரெனக் கூறவும் வேண்டுமோ? கோலம் என்னும் பகுதி இல்லாதிருந்தால் 1902-இல் அவரை இரண்டாமிடத்தில் வைக்க நடுவர்க்கு மனம் வந்திருக்குமோ என்பது எமது ஐயம். தளத்தில் விழுந்த கோட்டில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு தெரிவதில்லை.

எனினும், கோட்டைக் காண்பதும் மாந்தர் கண்ணேயாதலின் வழக்கு ஒழிந்தபாடில்லை. 1908-இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் ருஷ்யராகிய நிக்கொலாய் பானின், கட்டாயக் கோலங்களுக்கு நடுவர் இட்ட மதிப்பெண் முறையன்று என்று கூறி, விருப்பாட்டம் ஆடாமலே விலகினார், ஸால்கோ வென்றார். ஆயினும் 'தனிக் கோலம்' என்னும் பிரிவு ஒன்று அவ்வாண்டு வைக்கப்பட்டிருந்தது. தாமே புனைந்த சித்திரக் கோலத்தை முன்னரே தாளில் வரைந்து காட்டிப் பின்னர்த் தளத்திற் காலால் வரைதல் வேண்டும். அதில் பானின் முதற்பரிசு பெற்றார். அப்பிரிவு ஒலிம்பிக்கில் அதன்முன் இருந்ததுமில்லை, பின் வந்ததுமில்லை.

1927-இல் ஆஸ்லோ நகரில் எழுந்த வழக்கு இதனினும் பெரிது. நார்வே நாட்டு ஸோன்யா ஹெனிக்கு அப்பொழுது வயது பதினான்கு. எதிர் நின்றவர் 1922 முதல் ஐந்தாண்டு தொடர்ந்து வென்ற ஆஸ்திரிய நாட்டு ஹெர்மா ஸாபோ. நடுவர் ஐவர், அவருள் மூவர் நார்வேயினர். அம்மூவரும் ஹெனிக்கு முதலிடம் அளித்தனர். ஏனைய இருவரும் ஸாபோவிற்கு அளித்தனர். தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு. அதன்பின் ஒரு நாட்டிற்கு ஒரு நடுவரே என்று சங்கம் விதி செய்தது. ஹெனியின் திறமையை யாரும் குறை கூறல் இயலாது. அவர் 1936 வரையில் பத்தாண்டும் தொடர்ந்து உலக முதன்மை பெற்றார். ஒலிம்பிக்கிலும் மும்முறை வென்றார். பின்னர் அமெரிக்கா சென்று திரைப்படங்களில் நடித்துப் பெரும்பொருள் ஈட்டினார். இருந்தும் அவர்தம் முதல் வெற்றியின்மேல் விழுந்த நிழல் வரலாற்றில் நிற்கின்றது. அந்நிழல் அவர் செய்ததன்று. நடுவரை அமர்த்தினோர் செய்தது.

இரு பெரும் போர்களின் பொருட்டு 1915 முதல் 1921 வரையிலும், 1940 முதல் 1946 வரையிலும் பந்தயம் நின்றது. 1961-இல் நின்றதற்குக் காரணம் வேறு. அவ்வாண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், ப்ரேக் நகரில் நடைபெறவிருந்த உலகப் பந்தயத்திற்கு அமெரிக்கக் குழுவினரை ஏற்றிச் சென்ற விமானம் ப்ரஸ்ஸல்ஸ் நகரத்தருகே வீழ்ந்தது. விமானத்திலிருந்த 72 பேரும், கீழே வயலில் வேலை செய்துகொண்டிருந்த உழவர் ஒருவரும் மாண்டனர். ஆடுவோர் மட்டும் பதினெண்மர். அவருள் ஒருத்தியாகிய லாரன்ஸ் ஓவன் அவ்வாண்டு அமெரிக்க முதன்மை பெற்ற பதினாறு வயதுச் சிறுமி. அவளுடைய தமக்கையும், ஒருகாலத்தில் ஒன்பது முறை அமெரிக்க முதன்மை பெற்றவரும் அவளுக்கு ஆசிரியருமான தாயும் உடன் சென்று உடன் மாண்டனர். பந்தயம் கைவிடப்பட்டது.

நிற்க. கோலத்திற்கும் ஆட்டத்திற்கும் இடையிலான பூசல் முற்றியது 1972-இல். அக்காலம் வரையில் நிகழ்ந்ததைச் சிறிது நோக்கல் வேண்டும். நெடுங்காலம் மொத்த மதிப்பில் நூற்றுக்கு 60 பங்கு கோலத்திற்கும் 40 பங்கு விருப்பாட்டத்திற்கும் இருந்தன. ஆட்டமோ நாளுக்கு நாள் வளர்ந்தது. 1948-இல் அமெரிக்கராகிய டிக் பட்டன், முன்னோக்கி எழுந்து இரண்டரைச் சுற்றுச் சுழலும் தாவலைச் செய்தார். 1952-இல் முழு மூன்று சுற்றுச் சுழன்றார். இத்தகைய ஆட்டத்தைக் காண மக்கள் திரண்டனர். கோலம் வரைவதைக் காணவோ ஆளில்லை. ஓசையற்ற மண்டபத்தில், காலையில் தொடங்கி மணிக்கணக்காக, ஒருவர் பின் ஒருவராக வட்டம் வரைவர், நடுவர் குனிவர், நிமிர்வர். தொலைக்காட்சிப் பெட்டி வந்தபின் நிலைமை இன்னும் கடினமாயிற்று. அதிற் காட்டப்படுவது விருப்பாட்டமே, கோலத்தைக் காட்டுவாரில்லை. ஆகவே வீட்டிலிருந்து கண்டவர்க்கு, நன்றாக ஆடியவர் தோற்பதும், அவரினுங் குறைவாக ஆடியவர் வெல்வதும் புரியாத மாயமாக இருந்தது. 1968-இல் இரு பகுதிக்கும் சமபங்கு என்று மாற்றினர். அதுவும் ஏட்டளவிற் சமமேயன்றி உண்மையிற் சமமன்று. கோலத்திற் பிழை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிதலின் நடுவர் மதிப்பெண்களை அகலப் பரப்புவர்; ஆட்டத்திலோ முன்னணியிலிருப்பார்க்கெல்லாம் ஐந்தரைக்கு மேல் நெருங்கி நெருங்கி இடுவர். கோலத்தில் முந்தியவரை ஆட்டத்தில் எட்டிப் பிடித்தல் அரிதினும் அரிதாயிற்று.

இந்நிலையில் வந்தவர் இருவர். ஒருவர் ஆஸ்திரிய நாட்டு பியாட்ரிக்ஸ் ஷூபா. பிறந்தது வியன்னாவில், அஃதாவது ஹெயின்ஸின் நடனத்தை வரவேற்ற அந்நகரிலேயே! உயர்ந்த உடலினர். அவர் வரைந்த வட்டங்களைப்போல் வேறொருவரும் வரைந்ததில்லை என்பது அக்கலை வல்லார் பலருடைய கருத்து. மும்முறை வரைந்தாலும் ஒருமுறை வரைந்ததுபோல் ஒரே கோடாக நிற்குமாம். ஆனால் விருப்பாட்டத்தில் அவர் நடுத்தரமே. மற்றவர் அமெரிக்கப் பெண்ணாகிய ஜேனட் லின். பதினெட்டு வயது. அவர் ஆடத் தொடங்கினால் காற்றில் மிதக்கும் இலையைக் காண்பது போலிருக்கும்; அவர் கோலம் குறை கூறத்தக்கதன்றெனினும் ஷூபாவின் கோலத்தோடு வைத்து எண்ணத்தக்கதும் அன்று.

1972 பிப்ரவரியில் ஜப்பானிய நாட்டு ஸப்போரோ நகரில் ஒலிம்பிக் பந்தயம். ஷூபா கோலத்தில் முதலிடம், விருப்பாட்டத்தில் ஏழாமிடம். லின் கோலத்தில் நான்காமிடம், விருப்பாட்டத்தில் முதலிடம். லின் ஆடுகையில் ஒரு சுழற்சியில் வழுக்கித் தளத்தில் அமர்ந்துவிட்டார். முகத்தில் முறுவல் மாறாமல் எழுந்து தொடர்ந்து ஆடினார். அம்முறுவலை ஜப்பானியர் இன்றளவும் மறந்திலர். முடிவில் தங்கப் பதக்கம் ஷூபாவிற்கு, வெள்ளி கானடா நாட்டு காரென் மாக்னுஸெனுக்கு, வெண்கலம் லின்னுக்கு. அடுத்து அவ்வாண்டே கானடாவிலுள்ள கால்கரி நகரில் உலகப் பந்தயம் நடந்தது. அங்கும் இதே மூவர், இதே வரிசை.

ஷூபாவின் வெற்றி அநீதி என்று கூறியோர் பலர். யாம் அவரோடு உடன்படோம். பந்தயத்தின் விதி இது, பங்கு இவ்வளவு என்று முன்னரே எழுதி வைத்து, அதன்படி உழைத்து வந்தவரை, வென்ற பின்னர்க் காண்பார் விருப்பத்தைக் காட்டிக் குறை கூறுதல் முறையாகாது. மேலும், ஷூபா கோலத்திற் காட்டிய முந்துதல் சிறிதன்று. ஓட்டப்பந்தயத்தில் நெடுந்தூரம் முந்தி ஓடியவன் இறுதியில் மெல்ல ஓடி வந்தாலும் முதல்வனே யன்றோ? எனினும், விதி திருந்தவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதும் உண்மை. கண்டார்க்கு விளங்காத தீர்ப்பைக் கூறிக்கொண்டிருக்கும் பந்தயம் நெடுநாள் நில்லாது.

சங்கம் 1973-இல் மூன்று பகுதியாகப் பிரித்தது. கோலத்திற்கு 40 பங்கு, குறித்த சில தாவல்களையும் சுழற்சிகளையும் செய்து காட்டும் புதிய குறும்பகுதிக்கு 20, விருப்பாட்டத்திற்கு 40. லின் போன்றார்க்கு வழிவிடவே இம்மாற்றம் என்று பேசிக்கொண்டனர். அவ்வாண்டு ப்ராட்டிஸ்லாவா நகரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஷூபா போட்டியினின்றும் ஓய்வு பெற்றுவிட்டார். கோலமும் முன்போல் இடையூறாக நிற்கவில்லை. லின்னை வீழ்த்தியது அப்புதிய குறும்பகுதியே! அதிற் பிழைபட்டுப் பின்தங்கி, விருப்பாட்டத்தில் வென்றும் இரண்டாமிடமே பெற்றார். மாக்னுஸென் உலக முதன்மை பெற்றார். உலகப் பந்தயத்தில் ஒருமுறையும் முதலிடம் பெறாமலே லின் தொழில்முறை ஆட்டத்திற்குச் சென்றார். அங்கு அவருடன் செய்யப்பட்ட மூன்றாண்டு ஒப்பந்தம் 14 இலட்சம் டாலருக்கு மேற்பட்டது.

அதன்பின் கோலத்தின் பங்கு தேய்பிறையாயிற்று. 1976-இல் 30 பங்கு. 1989-இல் 20 பங்கு. பயிற்சிச் செலவும் இத்தேய்வுக்குக் காரணமாகும். கோலம் பயில்வார்க்குத் தூய பனித்தளம் வேண்டும். தளத்தைப் பாத்திபோலப் பிரித்து ஒவ்வொருவர்க்கு ஒரு துண்டாக வாடகைக்கு விடுவர். நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து மணிக்கணக்காக அத்துண்டில் வட்டம் வரைதல் வேண்டும். பனித்தளம் குறைந்த நாட்டினர்க்கு இஃது எளிதன்று. 1988-இற் கூடிய சங்கம், கோலத்தை அறவே நீக்குவதென முடிவு செய்தது.

நீங்குவதற்கு முன் அது கடைசி முறையாகத் தன் வலிமையைக் காட்டிற்று. ஜப்பானியப் பெண்ணாகிய மிடோரி இட்டோ, முன்னோக்கி எழுந்து மூன்றரைச் சுற்றுச் சுழலும் தாவலை உலகப் பந்தயத்திற் செய்த முதற்பெண். 1989-இல் பாரிஸ் நகரில், கோலத்தில் ஆறாமிடம் பெற்றும், ஏனைய இரு பகுதியிலும் முதலிடம் பெற்று, ஆசியக் கண்டத்தினருள் முதன்முதலாக உலக முதன்மை எய்தினார். மறு ஆண்டு, 1990-இல், கானடாவிலுள்ள ஹாலிபாக்ஸ் நகரில் மீண்டும் இரு பகுதியிலும் முதலிடம் பெற்றார்; ஆனால் கோலத்தில் பத்தாமிடம். கோலத்தில் முன்னின்ற அமெரிக்கப் பெண் ஜில் ட்ரெனரி முதன்மை பெற, இட்டோ இரண்டாமிடம் பெற்றார். அவ்வூரில், அப்பந்தயத்தில், யூகோஸ்லாவியா நாட்டுப் பெண்ணொருத்தி வரைந்ததே உலகப் பந்தயத்தின் இறுதிக் கோலம்.

கோலம் ஒழிந்தபின் வழக்கு ஒழிந்ததோ? இல்லை. 2002-இல் ஸால்ட் லேக் நகரத்து ஒலிம்பிக்கில் இணையர் ஆட்டத்தில் ருஷ்யர்க்கு முதலிடம் அளித்த தீர்ப்பில், பிரெஞ்சு நடுவர் ஒருவர் கட்டாயத்திற்குட்பட்டு வாக்களித்தார் என்ற பெருங் குழப்பம் எழுந்து, கானடா இணையர்க்கும் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. ஆறனை முழுமதிப்பாகக் கொண்ட பழைய முறை 2004-இற் கைவிடப்பட்டது. இப்பொழுது ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் ஒரு விலை குறிக்கப்பட்டுள்ளது; அதனைச் செய்த தகுதிக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் தொகுக்கின்றனர். விலை உயர உயரச் சுற்றும் உயர்ந்தது. நார்வேயினரான ஆக்ஸெல் பால்ஸென் 1882-இல் வியன்னாவில் முதன்முதற் செய்து காட்டிய தாவல் ஒன்றரைச் சுற்று. அதே தாவலை அமெரிக்க இளைஞர் இலியா மாலினின் 2022-இல் நாலரைச் சுற்றாகச் செய்தார். அவரே 2024-இலும் 2025-இலும் உலக முதன்மை பெற்றார்.

ஒன்று மட்டும் வியப்புக்குரியது. கோலத்தை விலக்கிய சங்கமே, ஆடுவோர் எவ்விளிம்பினின்று எழுந்தார் என்பதை இன்று படக்கருவியால் மெல்ல ஓட்டிப் பார்க்கச் செய்கின்றது. அலோயிஸ் லுட்ஸ் என்னும் ஆஸ்திரியர் பெயரால் வழங்கும் தாவல் வெளிவிளிம்பினின்றே எழவேண்டும். எழும் நொடியில் கால் உட்பக்கம் சாய்ந்துவிட்டால் மதிப்புக் குறையும். நடுவர் முன்பு முழந்தாளிட்டுத் தேடியதும் அவ்விளிம்பையே. அன்று அதற்குத் தளமே சாட்சி கூறியது. இன்று படக்கருவி கூறுகின்றது. கோலத்தில் நெடுநாள் தோய்ந்தவர் ஆட்டத்தில் விளிம்பு பிசகுவது அரிது என்று பழைய ஆசிரியர் கூறுவர். அதனை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. ஆட்டத்தை முதன்மையாக்கியது தக்கதே. கோலத்தை ஒரு சிறு பங்கேனும் இன்றி அறவே நீக்கியது மிகையென்றே எமக்குத் தோன்றுகின்றது. நூற்றுக்குப் பத்துப் பங்கு நின்றிருந்தால் ஆட்டம் கெட்டிராது, பயிற்சியும் கைவிடப்பட்டிராது.

கைவிடப்பட்ட கலையைச் சிலர் எடுத்து வைத்திருக்கின்றனர். 2015-இல் அமெரிக்காவிலுள்ள லேக் ப்ளாஸிட் என்னும் ஊரில், கோலத்திற்கென்றே தனிப் பந்தயம் ஒன்று தொடங்கப்பட்டது. தாவலும் இல்லை, சுழற்சியும் இல்லை, வட்டமும் கண்ணியுமே. வெண்பனியில் வெண்கோடு தெரிவது அரிதென்று, தளத்திற்குக் கருநிறம் ஊட்டுகின்றனர். அக்கருந்தளத்தில் அலகு செல்லுமிடமெல்லாம் மாக்கோலம்போல் வெள்ளைக்கோடு எழுகின்றது. தொலைவில் அமர்ந்தாரும் அதனைக் காண்கின்றனர்.